ரூம்மேட்டுகள் ஊருக்குப் போன பிறகு இந்த ஒரு மாதத்தை என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக: அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவிலிருந்து இரண்டரை மணி நேரம் தள்ளி ஒரு கல்லூரி ஊர். எம்.எஸ். முதல் செமஸ்டர். இன்னும் இரண்டு தேர்வு பாக்கி, கடைசித் தாள் டிசம்பர் 17. அடுத்த வகுப்பு ஜனவரி 20-க்குப் பக்கத்தில்தான். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகும் யோசனையை விட்டாயிற்று. அறையில் இருக்கும் நான்கு பேரில் மூன்று பேர் கிளம்புகிறார்கள். தனியாக ஒரு மாதத்தை எப்படி ஓட்டுவது, வேலை ஏதாவது பார்க்கலாமா, எங்காவது சுற்றலாமா, இல்லை இன்டர்ன்ஷிப்புக்கு உட்கார்ந்து தயார் செய்வதா?

தம்பி, நானும் இப்படி ஒரு டிசம்பரில் இதே மாதிரி ஒரு ஊரில் தனியாக உட்கார்ந்தவன்தான். ஈரோட்டிலிருந்து வந்தவனுக்குக் குளிர் என்றால் ஊட்டி, அவ்வளவுதான் தெரியும். அந்த ஒரு மாதத்தில் செய்யக்கூடாத அத்தனையையும் செய்து முடித்தேன், அதனால் இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரைப் பற்றி எல்லாரும் பயமுறுத்தியிருப்பார்கள். இருட்டைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சிகாகோவில் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் சாயங்காலம் 4:20-க்குச் சூரியன் போய்விடும். டிசம்பர் 21 அன்று பகல் 9 மணி 8 நிமிடம்தான்; அதே நாளில் சென்னையில் 11 மணி 20 நிமிடத்துக்கு மேல் பகல் இருக்கும். வகுப்பு நடக்கும்போது இது உறைக்காது, ஏனென்றால் ஆய்வகத்திலும் நூலகத்திலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, சுற்றி ஆள் இருக்கிறார்கள். தேர்வு முடிந்த மறுநாள் என்ன ஆகும் தெரியுமா? விடியற்காலை 4 மணிக்குப் படுப்பீர்கள், மதியம் 1 மணிக்கு எழுந்திருப்பீர்கள், பல் தேய்த்து ஒரு டீ போட்டு மாகியைக் கிண்டி முடிக்கும்போது மூன்றாகிவிடும், அப்புறம் ஒரு மணி நேரத்தில் மறுபடி ராத்திரி. அன்று வெயிலையே பார்த்திருக்க மாட்டீர்கள். இப்படி நான்கு நாள் போனால் ஐந்தாம் நாள் எழுந்திருக்கவே மனசு வராது, காரணமும் புரியாது, நம்மிடம்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும்.

கோளாறு உங்களிடம் இல்லை. குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவதால் வரும் இந்தச் சோர்வை 1984-இல் நார்மன் ரோசென்தால் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் ஆராய்ந்து அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். இதற்குக் கொடுக்கும் சிகிச்சைகளில் ஒன்று வெளிச்சமேதான்: 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்குப் பெட்டிக்கு முன்னால் காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் உட்காருவது. சில பல்கலைக்கழகங்களில் நூலகத்திலோ மாணவர் மனநல மையத்திலோ அந்தப் பெட்டியை இரவலாகவே தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள். வைட்டமின் டி கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1988-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, பாஸ்டன் வெயிலில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மனிதத் தோலில் வைட்டமின் டி உருவாகவே இல்லை என்று காட்டியது. சிகாகோ கிட்டத்தட்ட அதே அட்சரேகை. நம் நிறத்துக்கு இன்னும் கஷ்டம். ஒரு ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர் சொல்கிற அளவுக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், நண்பன் சொன்ன அளவுக்கு வேண்டாம்.

ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? உங்கள் விடுமுறை டிசம்பர் 17-இல் ஆரம்பிக்கிறது, நமக்கு மார்கழி பிறப்பது டிசம்பர் 16. ஊரில் அம்மா நாலரைக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடும் அதே மாதத்தில் நாம் இங்கே ஒரு மணி வரை போர்வைக்குள் கிடக்கிறோம். பக்திக்காகச் சொல்லவில்லை, எனக்கு அது கொஞ்சம் கம்மிதான். ஆனால் இந்த ஒரு மாதம் மட்டும் காலையில் எழுந்திருப்பதை விடாதீர்கள். சூரியன் 7:15 வாக்கில் வரும், எட்டு மணிக்கு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். மேகமாக இருந்தாலும் பரவாயில்லை, மேகமூட்டத்தில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் உங்கள் அறை விளக்கைவிடப் பல மடங்கு. மற்ற அறிவுரையை எல்லாம் மறந்துவிட்டாலும் இதை மட்டும் செய்தால் பாதி தப்பித்தீர்கள்.

நடப்பது என்றதும் என் கதை. அந்த டிசம்பரில் 20 பவுண்டு அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பார்க்கிங் வழியாக வந்தேன். தரை ஈரமாக இருக்கிறது என்று நினைத்தேன். அது ஈரம் இல்லை, பிளாக் ஐஸ். கண்ணாடி மாதிரி மெல்லிசாகத் தார் மேல் உறைந்திருக்கும், தெரியவே தெரியாது. அரிசிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மணிக்கட்டில் விரிசல். கல்லூரி கிளினிக் விடுமுறைக்கு மூடியிருந்தது, பதறிப்போய் நேராக ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனேன், இன்ஷூரன்ஸ் கழித்தது போகவும் வந்த பில் என் ஒரு மாத வாடகையைத் தாண்டியது. அர்ஜன்ட் கேர் என்று ஒன்று இருக்கிறது, உயிர் போகும் விஷயம் இல்லையென்றால் அங்கே போனால் போதும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போதே உங்கள் இன்ஷூரன்ஸ் அட்டையில் இருக்கும் தளத்துக்குப் போய் ஊரில் எந்த அர்ஜன்ட் கேர் அதை எடுத்துக்கொள்ளும் என்று பார்த்து எழுதி வைத்துவிடுங்கள். ஐஸ் மேல் வாத்து மாதிரி நடக்க வேண்டும்: சின்னச் சின்ன அடி, பாதம் முழுக்கத் தரையில், கையைப் பாக்கெட்டுக்குள் விடாமல்.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போடுவது பருத்தியாக இருக்க வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும். அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய குரங்குக் குல்லாவை வெட்கப்படாமல் போடுங்கள், காதுதான் முதலில் போகும். 2019 ஜனவரி 30 அன்று சிகாகோ ஓ'ஹேர் விமான நிலையத்தில் மைனஸ் 31 செல்சியஸ் வரை இறங்கியது, பல கல்லூரிகள் வகுப்பையே நிறுத்தின. எல்லா வருடமும் அப்படி ஆகாது. ஆனால் காற்றோடு சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 28-க்குப் போனாலே திறந்திருக்கும் தோல் அரை மணி நேரத்தில் உறைய ஆரம்பிக்கும், அதனால் போனில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் அதற்குக் கீழே இருக்கும் காற்றுக் குளிர் எண்ணையும் பாருங்கள்.

சரி, வேலை. எஃப்-1 மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம்தான், அது தெரிந்திருக்கும். அதிகாரபூர்வ விடுமுறை நாட்களில் 40 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை செய்யலாம். ஆனால் விடுமுறை எந்தத் தேதியில் ஆரம்பித்து எந்தத் தேதியில் முடிகிறது என்பதை உங்கள் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் என்ன சிக்கல் என்றால் உணவகம் மூடியிருக்கும், நூலகம் அரை நாள், கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை வளாகமே காலி. அதனால் இப்போதே, தேர்வுக்கு நடுவில் பத்து நிமிடம் ஒதுக்கி, வசதிப் பராமரிப்பு, அஞ்சல் அறை, விடுதி முகப்பு, உங்கள் துறையில் ஏதாவது பேராசிரியரின் ஆய்வகம் இவற்றுக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள். விடுமுறையில் ஆள் கிடைக்காமல் திண்டாடுவது அவர்கள்தான்.

வளாகத்துக்கு வெளியே வேண்டாம். பெட்ரோல் பங்க், நம்மூர் ஹோட்டல் சமையலறை, இன்னொருவர் பெயரில் இருக்கும் டெலிவரி கணக்கு, கையில் ரொக்கம், யாருக்குத் தெரியப்போகிறது என்று யாராவது இந்த மாதம் கண்டிப்பாக உங்களிடம் சொல்வார்கள். சொல்கிறவருக்கு இழக்க ஒன்றும் இல்லை. உங்களுக்கு ஊரில் கல்விக் கடன் இருக்கிறது, அதற்கு அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். அனுமதி இல்லாத வேலை தெரிந்தால் விசா நிலையே போகும், பிறகு எந்த விண்ணப்பத்திலும் அது துரத்தும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

வளாகத்தில் ஏற்கெனவே வேலை பார்த்திருந்தால் சம்பளச் சீட்டை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். எஃப்-1 மாணவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் வருடங்களுக்குப் பொதுவாக சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும், அதாவது ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் சம்பளத்தில் பிடிக்கும் 7.65 சதவீதம், பிடிக்கக் கூடாது. சில இடங்களில் தவறாகப் பிடித்துவிடுகிறார்கள், சொன்னால் திருப்பித் தருவார்கள். வருடச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவம் ஜனவரி 31-க்குள் வர வேண்டும், ஏப்ரல் 15-க்குள் வரிக் கணக்கு. நீங்கள் போட வேண்டியது குடியிருப்பாளர் அல்லாதவர்களுக்கான 1040-என்ஆர் படிவம், கூடவே 8843 படிவம். சம்பளமே இல்லாவிட்டாலும் 8843 உண்டு. இங்கத்தியர்கள் பயன்படுத்தும் மென்பொருளில் போட்டுத் தொலைக்காதீர்கள், அது உங்களைக் குடியிருப்பாளர் என்று எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு இல்லாத ஒரு சலுகை இந்திய மாணவர்களுக்கு உண்டு: இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவுப்படி, வருமானத்தில் வரி போடாமல் விடும் நிலையான தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனை நாம் கழித்துக்கொள்ளலாம். இது தெரியாமல் பணத்தை விட்டவர்கள் நிறைய.

இன்டர்ன்ஷிப் விஷயத்தில் உங்கள் பதற்றம் புரிகிறது. பெரிய கம்பெனிகள் ஆகஸ்டிலிருந்தே எடுக்க ஆரம்பித்துவிடுகின்றன, உண்மைதான். ஆனால் நடுத்தரக் கம்பெனிகளும் சின்னவையும் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் ஆள் தேடும், புது வருட பட்ஜெட் அப்போதுதான் கைக்கு வரும். டிசம்பர் 20-லிருந்து ஜனவரி 2 வரை யாரும் மின்னஞ்சலைத் திறப்பதில்லை, அந்த இரண்டு வாரம் 200 விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதில் வரவில்லை என்று நொந்துகொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் ரெஸ்யூமேயைச் சரி செய்யுங்கள். ஒரே பக்கம். போட்டோ, அப்பா பெயர், பிறந்த தேதி, கீழே 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி, கையெழுத்து எல்லாவற்றையும் தூக்குங்கள். என்னுடைய முதல் ரெஸ்யூமேயில் இவை அத்தனையும் இருந்தன, பத்தாம் வகுப்பு மார்க் உட்பட. படிப்போடு சேர்ந்த வேலைக்கான அனுமதியான சிபிடி-க்குப் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும், ஸ்பிரிங் செமஸ்டர் முடிந்தால் உங்களுக்கு அது ஆகிவிடும், அதனால் மே மாதக் கோடைக்கால வேலைக்குத் தடை இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் இதற்குப் போதும். எட்டு மணி நேரம் படிக்கிறேன் என்று திட்டம் போட்டால் மூன்றாவது நாளே விட்டுவிடுவீர்கள், அந்தக் குற்ற உணர்ச்சியில் மீதி மாதமும் போகும்.

மார்க் வந்ததும் ஒரு பி மைனஸ் இருந்தால் பேராசிரியருக்கு அழுது எழுத வேண்டாம். கணக்கில் பிழை இருந்தால் மட்டும் எந்தக் கேள்வி, எத்தனை மதிப்பெண் என்று தெளிவாக எழுதுங்கள். மொத்தச் சராசரி (ஜிபிஏ) 3.0-க்குக் கீழே போனால்தான் கவலை, அப்போதும் துறை ஆலோசகரை ஜனவரி முதல் வாரமே பார்த்துவிடலாம்.

எங்காவது சுற்றலாமா என்று கேட்டீர்கள். இந்த மாதம் உங்கள் வாட்ஸாப் குழுவில் இரண்டு யோசனை வரும். ஒன்று, ஐந்து பேர் சேர்ந்து வாடகைக் கார் எடுத்து ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு போவது. பனியில் ஒருநாள்கூட ஓட்டியிராத ஐந்து பேர். பாலங்கள்தான் சாலைக்கு முன்னால் உறையும், அதற்கென்றே இங்கே பலகை வைத்திருக்கிறார்கள், நம் ஆட்கள் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 25 வயதுக்குக் கீழே என்றால் வாடகையில் தனிக் கட்டணமும் உண்டு. 2022 கிறிஸ்துமஸ் பனிப்புயலில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பக்கம் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் சிலர் காரிலேயே மாட்டிக்கொண்டவர்கள். இரண்டாவது யோசனை, நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயரில் புத்தாண்டு. மதியமே போய்த் தடுப்புக்குள் நின்றால் நள்ளிரவு வரை கழிப்பறை கிடையாது, வெளியே போனால் இடம் போச்சு. டிவியில் பாருங்கள்.

நியூயார்க் போவதாக இருந்தால் வேறு நாளில் போய், குவீன்ஸில் ஃப்ளஷிங் பிள்ளையார் கோவிலின் கேன்டீனில் தோசை சாப்பிடுங்கள், 1977-இல் கும்பாபிஷேகம் ஆன கோவில் அது. ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் தெற்கே போவேன். சிகாகோவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகும் ஆம்ட்ராக் ரயில் இல்லினாயை வடக்கிலிருந்து தெற்காக வெட்டிக்கொண்டுதான் போகிறது, ராத்திரி ஏறிப் படுத்தால் மறுநாள் பிற்பகல் மிசிசிப்பி கரையில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு நடக்கலாம். கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிர்த்து ஜனவரி முதல் வாரம் என்றால் டிக்கெட்டும் குறையும். பாஸ்போர்ட்டும் கல்லூரி கொடுத்த ஐ-20 படிவமும் கையில் இருக்கட்டும், நாட்டுக்குள் வந்த பதிவான ஐ-94-ஐயும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு செலவு முடியாது என்றால் சிகாகோவுக்கே ஒரு நாள். நம்மூர்க் கடைகள் நிறைந்த டெவான் அவென்யூவுக்கு எப்படியும் போவீர்கள். அதோடு கார்ஃபீல்ட் பார்க் கன்சர்வேட்டரி என்று ஒரு கண்ணாடி வீட்டுத் தோட்டம் இருக்கிறது, நூறு வருடத்துக்கும் மேல் பழையது. வெளியே மைனஸ் பத்து, கதவைத் திறந்து உள்ளே போனால் பனைவகை மரங்கள், பெரிய பெரிய இலைகள், மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. அந்த ஈரச் சூட்டில், மண் வாசத்தில், மழை பெய்து ஓய்ந்த வாழைத்தோப்புக்குள் நிற்பது மாதிரி இருந்தது எனக்கு. முதல் தடவை அங்கே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 25 அன்று வால்மார்ட்கூட மூடியிருக்கும், சின்ன ஊர்களில் பஸ்ஸும் ஓடாது, 23-ஆம் தேதியே பால், முட்டை, காய்கறி வாங்கி வைத்துவிடுங்கள். ஒருவேளை நீங்களும் சில நாள் வெளியூர் போனால் ஹீட்டரை அணைக்காதீர்கள், 55 ஃபாரன்ஹீட்டுக்கு (சுமார் 13 செல்சியஸ்) கீழே இறக்கவே கூடாது. காசு மிச்சம் என்று என் நண்பன் ஒருவன் அணைத்துவிட்டுப் போனான், குழாய் உறைந்து வெடித்து, ஜனவரியில் திரும்பி வந்தபோது கீழ்வீட்டுக்காரர் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஹீட்டர் கெட்டுப்போனால் அடுப்பையோ ஓவனையோ எரியவிட்டுக் குளிர் காயவும் கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

தனிமையைப் பற்றி. இங்கே ராத்திரி ஏழு என்றால் ஊரில் காலை ஆறரை, அம்மாவோடு பேச நல்ல நேரம். நான் அப்போது தினமும் "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைக் காப்பாற்றியது ஊரில் இருந்த ஒரு மதுரைக்கார அக்கா. இந்தியக் கடையில் வரிசையில் நிற்கும்போது தமிழ் காதில் விழுந்து பேச்சுக் கொடுத்தார், தனியாக இருக்கிறேன் என்று தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொன்னார். நான் கூச்சப்பட்டு இரண்டு முறை போகவில்லை, மூன்றாவது முறை காரை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். உங்களை யாராவது கூப்பிட்டால் முதல் முறையே போங்கள். ஊருக்குப் போகாமல் மிச்சமிருக்கும் சீனப் பையனோ நைஜீரியப் பெண்ணோ கட்டடத்தில் கண்டிப்பாக இருப்பார்கள், அவர்களும் உங்களைப் போலத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஒரு நாள் சாம்பார் வைத்துக் கதவைத் தட்டுங்கள். மனசு ரொம்பக் கனத்தால், எந்த நேரமானாலும், 988 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அழைப்பதற்குக் காரணம் பெரிதாக இருக்க வேண்டும் என்று இல்லை.

கடைசியாக, ஊருக்குப் போகும் ரூம்மேட்டுகளிடம் பட்டியல் கொடுப்பீர்கள் அல்லவா, அதில் கறிவேப்பிலையை எழுதாதீர்கள். ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் ஒரு நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலைச் செடியில் தங்கும். 2005-இல் ஃப்ளோரிடாவில் அந்த நோய் தென்பட்டது, இன்று அங்கே ஆரஞ்சு விளைச்சல் பழையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் விமான நிலையத்தில் இரக்கமே காட்ட மாட்டார்கள். ஊர் அரிசியும் கூடாது, அது வேறொரு வண்டுக்காக. பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, வத்தல், அப்பளம், கடையில் அடைத்து விற்கும் ஊறுகாய் இவை சரி, ஆனால் இங்கே இறங்கியதும் சுங்க அதிகாரிகளிடம் உணவு இருக்கிறது என்று சொல்லிவிடச் சொல்லுங்கள். அவர்கள் ஐ-20-இல் பயணக் கையெழுத்து ஒரு வருடத்துக்குள் வாங்கியதா என்பதையும் கிளம்புவதற்கு முன்னால் பார்க்கச் சொல்லுங்கள், அலுவலகம் மூடிவிட்டால் அப்புறம் திண்டாட்டம்.

இரண்டு தாள் இன்னும் பாக்கி என்றீர்கள். இதை எல்லாம் 18-ஆம் தேதி எழுந்ததும் மறுபடி படித்துக்கொள்ளலாம், இப்போது போய்ப் படியுங்கள்.